ஆறாவது கேள்வி

அந்தத் தாளில் ஒன்பது கேள்விகள் இருந்தன. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கிளினிக்கில், வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண் அதை ஒரு அட்டையில் செருகிப் பேனாவோடு கொடுத்தாள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, எத்தனை நாள் பசி இல்லை, எத்தனை நாள் எதிலும் மனம் போகவில்லை என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள் போட்டிருந்தார்கள். நான் எட்டு வருடம் தொழிற்சாலையில் தரம் பார்த்தவள். கட்டத்தில் டிக் போடுவது எனக்குப் பழகிய வேலை. ஆறாவது கேள்வி குற்ற உணர்ச்சியைப் பற்றியது. என்னை நானே மோசமானவளாக நினைக்கிறேனா என்று கேட்டிருந்தது. 'அநேகமாக எல்லா நாளும்' என்ற கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். ஏன் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். மரியாதையாகப் பேசினார். டிக்குகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். பிறகு எனக்கு வந்திருப்பது டிப்ரஷன் என்றார். மூளையில் ஒரு கெமிக்கல் குறைந்துபோயிருக்கிறது, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடுவது மாதிரிதான் இதுவும், நீங்கள் கலங்க வேண்டியதில்லை என்று தேற்றினார். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் பிரஸ் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது.

நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

சிப்காட் தொழிற்பேட்டையில் மின்சாதனங்களுக்குப் பித்தளைத் துண்டுகள் அடிக்கும் ஒரு கம்பெனியில் நான் லைன் லீடராக இருந்தேன். என் லைனில் ஆறு பிரஸ் மிஷின்கள், ஆறு பெண்கள். எல்லோரும் காண்ட்ராக்ட். நானும் காண்ட்ராக்ட்தான், கொஞ்சம் பழைய காண்ட்ராக்ட். மிஷினில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது. அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அப்படி அடித்தால் மாதக் கடைசியில் எண்ணிக்கை வராது. அதனால் வலது பொத்தானில் ஒரு சின்ன மரக்கட்டையைச் செருகிவிடுவோம். பொத்தான் அழுந்தியபடியே இருக்கும். இடது கை பொத்தானைத் தட்ட, வலது கை தகட்டை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். இதைச் செய் என்று புரொடக்ஷன் இன்சார்ஜ் என்னிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எண்ணிக்கை வரணும்மா என்பார், அவ்வளவுதான். கட்டைகள் என் மேஜை இழுப்பறையில் இருந்தன. காலையில் ஆறு பேருக்கும் கொடுப்பேன், சாயந்திரம் கரண்டிகளை எண்ணி வாங்குவதுபோல் வாங்கி வைப்பேன்.

ஆறு பேரில் ஒருத்தி பழவேற்காடு ஏரிப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வருபவள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. லைனிலேயே வேகமான கை அவளுடையதுதான். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். கம்பெனி கேட் வருவதற்குள் அவள் நைனா வலையில் அன்றைக்கு என்ன விழுந்தது, அண்ணி யாரோடு சண்டை போட்டாள் என்று எல்லாம் சொல்லி முடித்துவிடுவாள்.

அது ஒரு மாதத்தின் கடைசி வாரம். காலை டீ முடிந்து எல்லோரும் மிஷினுக்குத் திரும்பியிருந்தோம். அவள் மிஷினில் தகடு அச்சுக்குள் சிக்கியிருக்கிறது. அதை வலது கையால் இழுத்துக்கொண்டே, பழக்கத்தில் இடது கை தட்டிவிட்டது. எனக்கு இன்றும் ஞாபகம் இருப்பது, மிஷின் சத்தம் மாறவே இல்லை என்பதுதான். எப்போதும்போல ஒரே அடி. பக்கத்து மிஷின் பெண் கத்திய பிறகுதான் நான் திரும்பினேன்.

மூன்று விரல்கள் போய்விட்டன. என் மேல்கோட்டைக் கழற்றி அவள் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள், "அக்கா, டப்பால நண்டு கீது. நீ எடுத்துத் துன்னுடு. சாயந்திரம் வரைக்கும் தாங்காது."

வேனில் ஏற்றி அனுப்பினோம். நான் கூடப் போகக் கிளம்பியபோது இன்சார்ஜ் என்னை நிறுத்தி, வேறொரு பெண்ணை ஏறச் சொன்னார். வேன் கேட்டைத் தாண்டிய பிறகு என்னோடு மிஷின்வரை நடந்து வந்தார். கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதை எடுத்துடும்மா" என்றார். எடுத்தேன். ஓரத்தில் கொஞ்சம் ஈரமாக இருந்தது. பின்பக்கம் பழைய மரச்சட்டங்களைப் போட்டு எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அந்தக் குவியலில் போட்டேன். இழுப்பறையில் இருந்தவற்றையும் யாரும் சொல்லாமலே எடுத்துப்போய்ப் போட்டேன்.

சாயந்திரம் ஒரு தாள் டைப் செய்து வந்தது. தொழிலாளி எச்சரிக்கையை மீறிக் கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டதாகவும், பாதுகாப்புப் பொத்தான்கள் சரியாக இயங்கிக்கொண்டிருந்ததாகவும் அதில் இருந்தது. கீழே லைன் லீடர் என்று போட்டு என் பெயர். கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் டிரைவர் அவளுடைய டப்பாவை என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, வரப்பு ஓரத்தில் நாய்களுக்குக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி அலமாரியில் வைத்தேன்.

எங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிக்குப் பக்கத்தில். கணவருக்கு ஒன்றரை ஏக்கர் நெல் நிலம். ஒரே மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே எனக்குத் தூக்கம் நின்றது. அடுத்த மாதம் பசி நின்றது. குழம்புக்குப் புளியைக் கரைத்துவிட்டு, எதற்காகக் கரைத்தேன் என்று நின்றுகொண்டிருப்பேன். காலையில் கண் திறந்தால் ஈர மூட்டையைப் போல உடம்பு கிடக்கும், அதை நான் தூக்கி நிறுத்த வேண்டும். ஒருநாள் பஸ்ஸில் என் நிறுத்தம் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்க வேண்டும் என்று தெரிந்தது, எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை.

காரணம் சொல்ல ஆள் நிறைய இருந்தார்கள். பக்கத்து வீட்டில் திருஷ்டி என்றார்கள், திருப்பாச்சூர் கோயிலுக்கு ஒருமுறை போய்வரச் சொன்னார்கள். கணவரின் அண்ணன், பக்கத்து ஆலைகளில் இரும்பு உருக்கும் புகைதான் மூளைக்கு ஏறிவிட்டது என்றார். கணவர், ஒரே பிள்ளையோடு நின்றுவிட்டதில் எனக்கு உள்ளுக்குள் குறை என்று நினைத்தார். ஹெச்.ஆர். அதிகாரி, இந்த வயதில் பெண்களுக்கு ஹார்மோன் மாறும் என்றார். டாக்டர் கெமிக்கல் என்றார். யோசித்துப் பார்த்தால், ஒவ்வொருவரும் சொன்னது அவரவருக்கு எந்த வேலையும் வைக்காத காரணமாக இருந்தது. எனக்கும் அப்படி ஒன்று தேவையாக இருந்தது.

என் லைனில் தேறாத துண்டுகள் கூடிவிட்டதால் ஹெச்.ஆர். அதிகாரிதான் என்னை அந்தக் கிளினிக்குக்கு அனுப்பினார். அனுசரணையாகத்தான் அனுப்பினார். டாக்டர் சீட்டைக் கொடுத்தால் சம்பளத்தோடு பத்து நாள் லீவு என்றார், கொடுத்தேன். அது என் கோப்புக்குள் போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிப்ரஷன் என்ற பெயரைக் கேட்டபோது எனக்கு வந்தது பயம் இல்லை, நிம்மதி. படி இறங்கிவரும்போதே கால் லேசாக இருந்தது. கெமிக்கல் குறைந்ததனால்தான் தூக்கம் இல்லை என்றால், அந்தக் கட்டைக்கும் என் தூக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. நான் செய்தது வேறு, எனக்கு வந்தது வேறு. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மூன்று வாரத்தில் தூங்கினேன். பசித்தது. குழம்பு வைத்தேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாத்திரை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த ஐப்பசியை நான் தாண்டியிருக்கமாட்டேன்.

ஆனால் கூடவே ஒன்று நடந்தது. வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், அவள் மிஷினில் உட்கார்ந்திருந்த புதுப் பெண்ணுக்குத் தகடு தள்ளச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்று, விபத்தன்று அவள் கை இருந்த அதே இடத்தில் என் கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மதியம் சாப்பிடும்போதுதான் அது உறைத்தது. உறைத்ததும்கூட எங்கோ வேறு யாருக்கோ உறைப்பதுபோல் இருந்தது.

தை மாதம் அவள் வந்தாள். கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நான் வேறு பஸ்ஸுக்காக நிற்பது அவளுக்குத் தெரியும். மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடை ஓரமாக நின்றிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். அதுவரை நான் ஒருமுறைகூட அவளைப் போய்ப் பார்த்திருக்கவில்லை. அதை அவள் கேட்கவும் இல்லை.

காண்ட்ராக்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றாள். கவனக்குறைவால் விபத்து ஏற்படுத்தியதாகக் குற்றம், விசாரணை வைத்து வேலையை விட்டு நீக்குவதாக உத்தேசம். கடிதத்தோடு என் கையெழுத்துப் போட்ட தாளின் நகலும் இருந்தது. அவள் அதை எனக்குக் காட்டவில்லை. மடித்தபடியே கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, நைனா கேக்குது, நீயாதான் கையை உட்டியான்னு. எங்கம்மாகூட கேக்குது. நான் கட்டை இருந்துச்சின்னா, இன்னா கட்டை, எங்க கட்டைன்னு கேக்கறாங்கோ. எனக்கே சில நாளு டவுட்டாயிடுது. கட்டை இருந்துச்சா இல்லையாக்கா?"

இருந்தது என்றேன். பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். தனக்கும் தூக்கமே வருவதில்லை, விரலுக்குப் பார்த்த ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடமும் அனுப்பினார்கள், மாத்திரை தின்கிறேன் என்று சொல்லிப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். வாங்கிப் பார்த்தேன். பிறகு என் பையைத் திறந்து என் அட்டையை எடுத்தேன். தயாரித்த கம்பெனிகள்தான் வேறு. மருந்து அதேதான், அளவும் அதேதான். அவள் சீட்டிலும் டிப்ரஷன் என்றுதான் எழுதியிருந்தது. அவளும் ஒன்பது கேள்விகளுக்கு டிக் போட்டிருந்தாள், இடது கையால்.

இரண்டு அட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விரல் போனவளுக்கும் கட்டையை எடுத்தவளுக்கும் ஒரே பெயர். இருவருக்கும் தூக்கம் இல்லை, பசி இல்லை, அழுகை உண்டு. டிக்குகளைக் கூட்டினால் ஒரே எண்கூட வந்திருக்கலாம். ஆனால் எங்களுக்கு நடந்தது ஒன்று இல்லை. காய்ச்சல் என்று ஒருவருக்குச் சொன்னால், மலேரியாவா டைபாய்டா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு வைத்த பெயருக்குப் பின்னால் அப்படி எதையும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்டு, அதற்கே ஒரு பெயரை வைத்து, அந்தப் பெயரால்தான் இப்படி இருக்கிறோம் என்று எங்களுக்கே திருப்பிச் சொல்லியிருந்தார்கள்.

விசாரணையில் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டில் கணவரிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பம்புசெட்டுக்குப் போகக் கிளம்பியவர் நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்து, இவ்வளவு நாள் இதை வயிற்றில் வைத்துக்கொண்டா கெமிக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். பிறகு வேலை போய்விடும் என்றார். போகும் என்றேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பம்புசெட்டுக்குப் போனார்.

விசாரணை கம்பெனியின் கூட்ட அறையில் நடந்தது. விசாரணை அதிகாரியாக ஒரு வக்கீல் வந்திருந்தார். ஹெச்.ஆர். அதிகாரி, இன்சார்ஜ், அவள், அவளோடு குப்பத்திலிருந்து வந்த சித்தப்பா. கட்டை இருந்தது, நான்தான் தினமும் கொடுத்தேன், விபத்துக்குப் பிறகு நான்தான் எடுத்தேன், தாளில் போட்ட கையெழுத்து பொய்க்குப் போட்டது என்று சொன்னேன். எடுக்கச் சொன்னது யார் என்றதற்கு இன்சார்ஜைக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. என் கோப்பைத் திறந்து, நான் மனநலச் சிகிச்சை எடுத்து வருகிறேனா என்று கேட்டார். ஆம் என்றேன். எவ்வளவு நாளாக என்றார். சொன்னேன். ஒன்பது கேள்விகள் இருந்த தாளை எனக்குக் காட்டி, ஆறாவது கேள்வியில் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டது நான்தானா என்று கேட்டார். அந்தத் தாள் அங்கே எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லீவுக்குக் கொடுத்த காகிதங்களோடு சேர்ந்து போயிருக்க வேண்டும். கிளினிக் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவரே தமிழில் சொன்னார். அளவுக்கு மீறிய, காரணமற்ற குற்ற உணர்ச்சி. அது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அப்படித்தானே?

காரணம் இருக்கிறது, அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஹெச்.ஆர். அதிகாரி என் பின்னாலேயே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. என் மகளுக்குப் பள்ளி நோட்டுகள் வாங்கிக் கொடுத்தவர். தாழ்ந்த குரலில் சொன்னார். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லைம்மா. பேசறது நீங்க இல்ல. உங்க நோய் பேசுது. நல்லா ரெஸ்ட் எடுங்க."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கனிவாகச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கடினமான உண்மை ஒன்றை, இருமலைப்போல, தும்மலைப்போல ஆக்கிவிட்டு அவர் படியேறிப் போய்விட்டார்.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. சாட்சியின் மனநிலையைக் கருதி அவருடைய வாக்குமூலத்தை ஏற்க இயலவில்லை என்று ஒரு வரி. விபத்தன்று கொடுத்த முதல் வாக்குமூலம் தெளிவான மனநிலையில் கொடுக்கப்பட்டது என்று இன்னொரு வரி. அவளை நீக்கிவிட்டார்கள். என்னை நீக்கவில்லை. ஸ்டோர் அறைக்கு மாற்றினார்கள்.

கிளினிக்குக்குப் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, என் குற்ற உணர்ச்சிக்குக் காரணம் உண்டு என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நடந்ததை அவர் நேரில் பார்க்கவில்லை, பேஷண்ட் சொன்னதைச் சான்றாக எழுத முடியாது என்றார். நான் குரலை உயர்த்திவிட்டேன். பதற்றம் கூடியிருக்கிறது என்று ஒரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார்.

அதன் பிறகு கணவர் என்னைத் திருவள்ளூரில் வேறொரு டாக்டரிடம் அழைத்துப்போனார். வெளியே பெஞ்சு கொள்ளாத கூட்டம். இவர் வயதானவர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தார். என் கதையை ஐந்து நிமிடம் கேட்டார். இது டிப்ரஷன் இல்லை, ஒரு சம்பவத்தை மனசால் ஏற்றுக்கொள்ள முடியாத கோளாறு என்று சொல்லி வேறொரு பெயரை எழுதினார். மாத்திரை என்ன என்று பார்த்தேன். அதேதான். பெயர் மாறியிருக்கிறது, மருந்து மாறவில்லையே என்று கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. "பேரெல்லாம் நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிறதுக்கு வெச்சிருக்கறதும்மா. ரத்தத்துல பாத்துச் சொல்ற மாதிரி இதுக்கு டெஸ்ட் எதுவும் கெடையாது. தூங்கணும், சாப்பிடணும். அதுக்கு இது ஒதவும். மீதிக்கு என்கிட்ட மருந்து இல்ல."

என்னிடம் உண்மை பேசிய டாக்டர் அவர்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வந்த கோபத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் சொடுக்கிச் சொடுக்கி இழுத்தது. தரை சாய்ந்தது. தண்ணீர் சிந்தினதற்கு மகளை அடித்தேன். அதற்கு முன் ஒருநாளும் அடித்ததில்லை. கணவர் பயந்துபோய்க் கும்மிடிப்பூண்டி டாக்டருக்குப் போன் செய்தார். பார்த்தீர்களா, நோய் திரும்பிவிட்டது என்றார் அவர். திரும்பியது நோயா, மருந்து போனதால் உடம்பு திணறியதா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது தெம்பு இல்லை. மறுபடியும் போட்டுக்கொண்டேன், இரண்டு நாளில் தரை நேரானது. பிறகு திருவள்ளூர் டாக்டர் சொன்னபடி மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. யாரும் என்னைப் பார்த்து ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம்.

அதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய டப்பாவை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். வாசலில் அவள் அம்மா கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தார். என்னை யாரென்று தெரிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் வெளியே வந்து டப்பாவை இடது கையால் வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நான் பேசினேன். விசாரணையில் நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டேன். எனக்கும் உடம்பு சரியில்லை, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோதே எனக்கு நோய் ஆரம்பித்திருக்குமோ என்னவோ என்று ஏதோ உளறினேன்.

அவள் என்னை நிறுத்தினாள்.

"பேஷண்டுன்னு சொல்லிக்கினு எங்கிட்ட வராதக்கா. ஊர்ல எல்லாரும் பேஷண்டாயிட்டா, இத்தை செஞ்சது யாரு? கட்டைய எடுத்தவன்னு சொல்லிக்கினு வா. அப்டி வந்தா ஒக்காரலாம், பேசலாம்."

கட்டையை எடுத்தவள்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மணலில் போட்டாள். அவள் அழுதாள். நான் மாத்திரையில் இருந்ததால் அழுகை வரவில்லை, அழ வேண்டும் என்று தெரிந்தது மட்டும்தான்.

அதன் பிறகு தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதினேன். என் பெயரையும், என் சிகிச்சையையும் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டு, கட்டையைப் பற்றி எழுதினேன். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். பிறகு வந்து பார்த்தார்கள். வந்த நாளில் எல்லாப் பொத்தான்களும் சரியாக வேலை செய்தன. அந்த வருடக் கடைசியில் என் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. இன்னும் அங்கே இருக்கும் பெண்களில் ஒருத்தியைச் சந்தையில் பார்த்தேன். சில மாதங்கள் கட்டை இல்லாமல்தான் ஓடியதாம். இப்போது மாதக் கடைசியில் மட்டும் உண்டு, மரத்துக்குப் பதில் ரப்பர் என்றாள்.

இப்போது கவரைப்பேட்டையில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறேன். மாத்திரை இல்லை. நல்லாயிட்டியா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை. தூங்குகிறேன், சாப்பிடுகிறேன். சில நாள் ஈர மூட்டை திரும்பி வருகிறது. அது நோயாகவும் இருக்கலாம், நோய் என்று ஒன்று இல்லை என்று சொல்ல நான் யாரும் இல்லை. நடவு நாளில்கூட வெயிலில் நின்று கண் கலங்குகிற சில பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்களால் யாருக்கும் விரல் போகவில்லை. என்னுடையது எதனால் வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். அது தெரிந்ததால் குறைந்துவிடவில்லை. எனக்கு அதைக் குறைக்கவும் மனமில்லை.

போன மாதம் அவள் போன் செய்தாள். ஊனச் சான்றிதழைப் புதுப்பிக்கத் திருவள்ளூரில் முகாம், கூட வரமுடியுமா, காகிதங்களை எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும் என்றாள். கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே நான்கு மணி நேரம் நின்றோம். ஈரத்தில் அவளுக்கு இல்லாத விரல்கள் குடைகின்றன என்றாள். டாக்டரிடம் அதைச் சொன்னாளாம், நரம்பு, சிலருக்கு அப்படி இருக்கும் என்றாராம். உள்ளே கூப்பிட்டு, கையைத் திருப்பிப் பார்த்து, அளந்து, எழுதினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எப்படிப் போனது என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. படிவத்தில் 'விபத்து' என்ற கட்டத்தில் ஏற்கனவே டிக் இருந்தது.

வெளியே வந்து நாஷ்டா கடையில் இட்லி சாப்பிட்டோம். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை கேட்டிருக்கிறேன், இடது கையில் வேகம் வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள் என்றாள். அவளும் மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள், சில நாள் பரவாயில்லை, சில நாள் பேஜாராக இருக்கிறது என்றாள். நான் இன்னொரு இட்லி வாங்கி அவள் தட்டில் வைத்தேன். பொன்னேரி வரை ஒரே பஸ்ஸில் வந்தோம். அங்கே அவளுக்குப் பழவேற்காடு பஸ் தயாராக நின்றது. காகிதங்கள் இருந்த பையை என் கையிலிருந்து வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் திரும்ப முடியாமல் நின்றாள். பஸ் கிளம்பிப் போகும்வரை நின்றுவிட்டு, நான் ஆரணி பஸ்ஸுக்கு நடந்தேன்.